ஆப் வேண்டாம், அடாப்டர் வாங்குங்கள்: ஆப்பிரிக்கத் தொண்டு நிறுவனங்களுக்குக் கணினிப் பயிற்சி – கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, பழைய லேப்டாப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் கீழே இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன்: எந்த ஊர், அலுவலகத்தில் எத்தனை பேர், கரண்ட் எவ்வளவு நேரம் இருக்கும், கணினியில் உட்காரப்போவது யார், இந்த நாலும் எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள்.

எங்கள் கம்பெனி கழித்துக்கட்டும் 40 லேப்டாப்களைச் சென்னையிலிருந்து ஜாம்பியாவில் ஒரு பெண்கள் குழுவுக்கு அனுப்பலாமா?

அவர்களைக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, 2018-க்கு முந்தைய மெஷின்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்காது. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, இவை இருந்தால் இன்னும் நாலைந்து வருஷம் ஓடும். பேட்டரி இரண்டு மணி நேரம் நிற்காத மெஷினை அனுப்பவே வேண்டாம். 2024 வறட்சியில், நீர்மின்சாரம் தரும் கரிபா அணை வற்றியபோது அந்த நாட்டில் பல இடங்களில் ஒரு நாளைக்கு மூன்று நாலு மணி நேரம் கரண்ட் வந்தாலே பெரிய விஷயம். அங்கே பெரும்பாலும் பிரிட்டிஷ் பாணி சதுர முள் பிளக்தான், அதற்கேற்ற அடாப்டரையும் சேர்த்து அனுப்புங்கள். ஹார்ட் டிஸ்க்கை முழுசாக அழியுங்கள். முதலில் ஐந்து அனுப்பிவிட்டு மூன்று மாதம் பொறுங்கள். ஓடாத கணினிகள் கடைசியில் எங்கே போகும் என்று தெரிய வேண்டுமானால், கானா தலைநகர் அக்ராவின் அக்போக்ளோஷி பழைய சாமான் கிடங்கில் செம்புக்காக ஒயர் எரித்த படங்களைத் தேடிப் பாருங்கள்.

என்ஜிஓ-வுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?

எந்த என்ஜிஓ? கிசுமுவில் மீன் விற்கும் பெண்களின் கூட்டுறவா, லாகோஸில் சட்ட உதவி மையமா? அடுத்த கேள்வி.

கணக்கெடுப்புக்கு கூகுள் ஃபார்ம்ஸ் போதாதா? கோபோ எதற்கு? (உகாண்டா, குலு)

நெட் இல்லாத கிராமத்தில் கூகுள் ஃபார்ம் திறக்காது. கோபோ, அதாவது கோபோடூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்புக் கருவி, பதில்களைப் போனில் சேமித்து வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பும், இலவசமாகவும் தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: படிவத்தை நீங்கள் திருத்தினால், ஒவ்வொரு போனிலும் புதியது இறங்கியதா என்று கையில் வாங்கிப் பாருங்கள். பயிற்சியின்போது போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஐந்து படிவமாவது நிரப்ப வையுங்கள். நெட்டை அணைத்துவிட்டு நடத்தாத பயிற்சி பயிற்சியே இல்லை.

எத்தியோப்பியாவில் குழந்தைகள் சத்துணவுக் கணக்கெடுப்பு. 5 வயதுக்குட்பட்டவர்கள் என்று வடிகட்டினால் ஒருவர்கூட வரவில்லை, எல்லாருக்கும் பத்துப் பன்னிரண்டு வயது. சாஃப்ட்வேர் கெட்டுவிட்டதா?

சாஃப்ட்வேர் நன்றாக இருக்கிறது. அந்த நாட்டு நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் ஓடுகிறது, பதின்மூன்று மாதம், புத்தாண்டு செப்டம்பரில். தாய்மார் பிறந்த தேதியைத் தங்கள் கணக்கில் சொன்னார்கள், உங்கள் ஆட்கள் அப்படியே தட்டிவிட்டார்கள். படிவம் எழுதும் தாளில், தேதிக் கேள்வியின் 'appearance' (தோற்றம்) நெடுவரிசையில் எத்தியோப்பிய நாட்காட்டியைக் குறித்துவிட்டால், போனில் உள்ள கோபோவின் கலெக்ட் ஆப் அந்தக் கணக்கிலேயே காட்டும், உள்ளே நம் தேதியாகச் சேமிக்கும். ஏற்கெனவே வந்ததை எட்டு வருஷம் கூட்டிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். மாதத்தைப் பொறுத்து ஏழா எட்டா என்பது மாறும், சிலர் நம் கணக்கிலும் சொல்லியிருப்பார்கள். தடுப்பூசி அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.

நைவாஷாவில் ஓட்டல் மண்டபம் எடுத்து 12 அமைப்புகளிலிருந்து 30 பேருக்கு இரண்டு நாள் எக்செல் பயிற்சி. சிட்டிங் அலவன்ஸ் (வந்து உட்காருவதற்கான படி) கொடுக்காவிட்டால் ஆள் வராது என்கிறார்கள். கொடுப்பதா? (நைரோபி)

அலவன்ஸை விடுங்கள், நைவாஷா எதற்கு? ஏரியைப் பார்த்துக்கொண்டு பிவட் டேபிள் போட்டால் நன்றாக மண்டையில் ஏறுமா? எனக்குப் பல வருஷமாக இதே எரிச்சல். கென்யாவில் நைவாஷா, உகாண்டாவில் என்டெபே, பெயர்தான் மாறும். நிறுவனத்தில் கணினியைத் தினமும் தொடுகிறவர் இருபத்தைந்து வயது கணக்கர், அல்லது பதிவேடு பார்க்கும் பெண். பயிற்சிக்கு வருவதோ இயக்குநர். காரணம் எல்லாருக்கும் தெரியும்: ஓட்டல் அறை, இரண்டு வேளை பஃபே, கையில் அலவன்ஸ், கடைசியில் சான்றிதழ், குரூப் போட்டோ. பயிற்சி ஓட்டலின் வேகமான வைஃபையில், நீங்கள் கொண்டுபோன லேப்டாப்பில், நீங்கள் இட்டுக்கட்டிய சுத்தமான அட்டவணையில் நடக்கும். திங்கட்கிழமை அவர் அலுவலகம் திரும்பினால் டேட்டா பண்டில் தீர்ந்திருக்கும், எக்செல் 2010 பதிப்பாக இருக்கும், தாளில் பாதி நெடுவரிசைக்குத் தலைப்பே இருக்காது. கற்றது எதுவும் பொருந்தாது. நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கையில் மட்டும் "30 பேர் பயிற்சி பெற்றனர்" என்று நிற்கும், அவருக்கும் அந்த எண் போதும், யாரும் ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பதில்லை.

வருகிறவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. மத்தாட்டு (மினி பஸ்), போடா போடா (பைக் டாக்சி) என்று மாறி மாறி வருகிறவருக்குச் செலவு உண்டு, சம்பளம் குறைவு, ஒரு நாள் வேலை கெடுகிறது. ஆகவே போக்குவரத்துச் செலவை உண்மையான கட்டணப்படி கொடுங்கள், எம்-பெசா என்ற போன் பணச் சேவையில் நேராக அவர் போனுக்கே அனுப்புங்கள், கவர் கொடுக்கும் வேலையே வேண்டாம். சாப்பாடு போடுங்கள். உட்காருவதற்குக் கூலி மட்டும் கிடையாது.

அப்புறம், அந்த மண்டப வாடகையை வைத்து நீங்கள் அவர்கள் அலுவலகங்களுக்குப் போங்கள். 12 அமைப்பும் முடியாது, சரி, ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் வீதம் மூன்று முறை, நடுவில் இரண்டு வாரம் இடைவெளி. பாடம் என்று தனியாக எதுவும் வேண்டாம், அந்த மாத அறிக்கையை அவர்கள் மெஷினில், அவர்கள் தாளில், அவர்கள் கையாலேயே முடிக்க வையுங்கள். மவுஸை நீங்கள் தொடாதீர்கள். இரண்டாவது முறை போகும்போதுதான் உண்மையான சந்தேகங்கள் வரும். இயக்குநர் வந்தால் வணக்கம் சொல்லி, பாஸ்வேர்ட் எல்லாம் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். போன வருஷம் வேலையை விட்டுப்போன பையன் கையில் என்பார், பயிற்சியை அங்கிருந்தே தொடங்கலாம்.

எச்ஐவி மருந்து எடுக்கும் பெண்களுக்கு நினைவூட்ட வாட்ஸ்அப் குரூப் தொடங்கியிருக்கிறோம், 60 பேர் சேர்ந்துவிட்டார்கள். இதை எப்படி நிர்வகிப்பது?

இன்றைக்கே கலையுங்கள். ஒவ்வொருவர் எண்ணும் மற்ற 59 பேருக்குத் தெரியும், குரூப் பெயர் போன் திரையில் வரும், அந்த போனை வீட்டில் வேறு யாரோ எடுப்பார்கள். கென்யாவின் 2019 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் தனிக் கவனத்துக்குரியது. உகாண்டாவும் அதே வருஷம் சட்டம் போட்டது, நைஜீரியா 2023-இல். தனித்தனி எஸ்எம்எஸ் அனுப்புங்கள், "நாளை சந்திப்பு, காலை வாருங்கள்" என்பதோடு நிறுத்துங்கள், நோயோ மருந்தோ மருத்துவமனையோ எதுவும் இருக்கக் கூடாது. எந்த எண்ணுக்கு அனுப்பலாம், அதை வேறு யார் பார்ப்பார்கள் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள்.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டதே, இன்னும் ஆஃப்லைன் ஆஃப்லைன் என்கிறீர்களே?

2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் கடலடியில் நாலு கேபிள் ஒன்றாகப் போனது, மே மாதம் கிழக்குப் பக்கம் இரண்டு. 2021 தேர்தலின்போது உகாண்டா அரசே இணையத்தை நாள்கணக்கில் அணைத்தது. டிஷ்ஷுக்கும் கரண்ட் வேண்டும், மாதக் கட்டணம் வேண்டும், அந்த நாட்டு உரிமம் வேண்டும். விக்கிப்பீடியாவை கிவிக்ஸ் என்ற ஆஃப்லைன் மென்பொருளில் இறக்கி, ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் வைத்தால் வகுப்பு நடக்கும். ஆமாம், மறுபடியும் சொல்கிறேன்: நெட்டை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

எங்களுக்கென்று சொந்தமாக ஒரு மொபைல் ஆப்?

வேண்டாம். எழுதியவர் போனதும் அதுவும் போய்விடும்.

தார் எஸ் சலாமில் காலை 9 மணிக்கு வரச் சொல்லி ஸ்வாஹிலியில் அறிவிப்பு எழுதினேன், சிலர் மதியம் மூன்றுக்கு வந்தார்கள். பொறுப்பே இல்லை.

சரியான நேரத்துக்குத்தான் வந்தார்கள். ஸ்வாஹிலியில் மணிக்கணக்கு காலை ஆறிலிருந்து தொடங்குகிறது, ஒன்பது என்றால் மதியம் மூன்று. நீங்கள் மூன்று என்று எழுதியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுங்கள்.

டக்காரில் என் பயிற்சித் தாளில் உள்ள எக்செல் சூத்திரம் எதுவுமே வேலை செய்யவில்லை.

செனகலில் இருப்பது பிரெஞ்சு எக்செல். கூட்டும் சூத்திரமான சம் (SUM) அங்கே சோம் (SOMME), கமா போடும் இடத்தில் செமிகோலன். தாளை முதல் நாளே அவர்கள் மெஷினில் ஓட்டிப் பார்த்திருக்கலாம். கீபோர்டும் வேறு, நம் 'கியூ' இருக்கும் இடத்தில் 'ஏ' இருக்கும், ஆகவே பாஸ்வேர்ட் தப்பு என்று வருகிறது என அடுத்த கடிதம் போடாதீர்கள்.