அவனிடம் யார் பேசுவது?

அன்புள்ள சார்,

என் தம்பிக்கு 18 வயது. போன வருடம் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது, ஏ.எல்.எல். வகை. கடுமையான கீமோ கட்டம் முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறான். தினமும் இரவு மாத்திரை. நோயின் பெயரை நாங்கள் அவனிடம் சொல்லவில்லை. ரத்தத்தில் ஏதோ கோளாறு, சரியாகிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். கலகலப்பாக இருந்தவன் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனையே பார்க்கிறான். போன வாரம் அவன் தலையணை உறைக்குள் மாத்திரைகள் கிடந்தன. கேட்டால் "விடுக்கா" என்கிறான். தினமும் காலையில், புற்றுநோயால் ஒரு காலை இழந்தும் ஓடிய டெர்ரி ஃபாக்ஸ் மாதிரியானவர்களின் வீடியோ அனுப்புகிறேன், திறந்துகூடப் பார்ப்பதில்லை. இந்த வயதுக்காரர்களுக்கென்று ஆதரவுக் குழு, கவுன்சிலிங் எல்லாம் உண்டாமே, சேர்த்துவிட்டால் பழையபடி ஆவானா? தைரியம் தரும் புத்தகங்கள் சிலவும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் என் சித்தப்பா மகன் வருடாந்திரப் பரிசோதனை முடித்துவிட்டு என்னைப் பார்க்க வந்திருந்தான். 17 வயதில் அவனுக்கு முழங்காலுக்கு மேலே எலும்புப் புற்றுநோய். பழையதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். அவன் போன பிறகு உங்கள் கடிதத்தைத் திறந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அப்பா பேசுகிறார், அம்மா அழுகிறார், மாமா யோசனை சொல்கிறார், மருத்துவர் விளக்குகிறார். உங்கள் தம்பி வாய் திறப்பது ஒரே ஒரு இடத்தில். "விடுக்கா." நோயாளி அவன்தானே?

குழுவில் சேர்க்கலாமா என்கிறீர்கள். அப்படிப்பட்ட குழுவில் முதல் நாள் பக்கத்தில் உட்காருகிறவன் கேட்கும் முதல் கேள்வி, "உனக்கு எது?" என்பதுதான். உங்கள் தம்பி என்ன சொல்வான்? ரத்தத்தில் கோளாறு என்றா? நோயின் பெயரை மறைத்து வைத்துக்கொண்டு அந்த நோய்க்கான குழுவைத் தேடுகிறீர்களே அம்மா, இது எந்த ஊர் நியாயம்?

அதுவும் யாரிடம் மறைக்கிறீர்கள்? நீங்களே தினமும் இரவு அவன் கையில் கொடுக்கும் அட்டையில் மெர்காப்டோப்யூரின் என்று அச்சடித்திருக்கும். கையில் ஃபோன் இருக்கிறது. அந்தப் பெயரைத் தட்டினால் முதல் வரியிலேயே ரத்தப் புற்றுநோய் என்று வந்துவிடும். அவனுக்கு என்றோ தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்ததைக் கேட்கத்தான் ஆளில்லை. கேட்டால் அம்மா உடைந்துவிடுவார் என்று அவனும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கதவைச் சாத்திக்கொள்ளாமல் என்ன செய்வான்?

தலையணை உறை விஷயத்தை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஏ.எல்.எல். நோய்க்கான சிகிச்சை மொத்தம் 2, 3 வருடம் போகும். அதில் பெரும்பகுதி வீட்டில் சாப்பிடும் இந்த மாத்திரைதான். உடம்பு தேறிவிட்டது, ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது, அப்புறம் எதற்கு இது என்று தோன்றும் கட்டம் இது. அமெரிக்காவில் இந்த மாத்திரையை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. கொடுத்த மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. விடலைப் பருவத்தில்தான் மாத்திரை விட்டுப்போவதும் அதிகம். என்ன நோய் என்றே சொல்லாதவனிடம் மாத்திரையை விடாதே என்று எந்த வாயால் சொல்வீர்கள்? ஒன்று, விட்டதையெல்லாம் சேர்த்து விழுங்கச் சொல்லிவிடாதீர்கள். மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

இந்த வயதின் சங்கடம் உங்கள் வீட்டில் மட்டும் உள்ளது அல்ல. மருத்துவ உலகமே இவர்களை நெடுங்காலம் இரண்டு பக்கமும் சேராமல் விட்டிருந்தது. இதே ஏ.எல்.எல். நோயில் 16 முதல் 20 வயதுள்ளவர்களை அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிலர் குழந்தைகளுக்கான சிகிச்சை முறைக்கும், சிலர் பெரியவர்களுக்கான முறைக்கும் போயிருந்தார்கள். குழந்தைகள் முறையில் 7 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 67 சதவீதம், பெரியவர்கள் முறையில் 46. வெளியானது 2008-ல். அதே வயது, அதே நோய். எந்தக் கதவு வழியாக உள்ளே போனார்கள் என்பதில் இவ்வளவு வித்தியாசம். அதன் பிறகு இளைஞர்களுக்குக் குழந்தைகள் முறையை ஒட்டியே சிகிச்சை கொடுப்பது பரவியது. உங்கள் தம்பிக்கு எந்த முறை என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவனை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

என் சித்தப்பா மகனை முதலில் குழந்தைகள் வார்டில் போட்டார்கள். சுவர் முழுக்க பொம்மை யானை. கட்டில் சின்னது, இவன் உயரத்துக்குப் பாதம் இரண்டும் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரவில் கைக்குழந்தைகளின் அழுகை. பிறகு பெரியவர்கள் வார்டு. பக்கத்துக் கட்டிலில் அறுபது வயதுக்காரர், பேரன் மாதிரி நினைத்துப் பிரியமாகத்தான் பேசுவார், ஆனால் பேச்செல்லாம் எது எப்படி வலிக்கும் என்பதைப் பற்றியே இருக்கும். மருத்துவர் வருவார், ஃபைலைப் பார்ப்பார், சித்தப்பாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போவார். இவன் கண் கதவிலேயே இருக்கும்.

ஒரு இரவு நர்ஸ் ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உனக்கு என்னப்பா தெரியணும்?" என்று கேட்டார். பிழைப்பேனா என்று கேட்பான் என நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் கேட்டது இரண்டு. முடி கொட்டுவதற்கு முன்னால் நானே மொட்டை அடித்துக்கொள்ளலாமா? தேர்வு எழுத விடுவார்களா? அதுவரை இந்த இரண்டையும் அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. மறுநாள் அவனே மெஷினைப் பிடித்துக்கொண்டு மொட்டை போட்டுக்கொண்டான், பின்மண்டையை மட்டும் நான் சரி செய்தேன்.

அதே நர்ஸ்தான், இவனுக்குச் செய்யவிருந்த அதே அறுவை சிகிச்சை முடிந்து பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு பையனைக் கூட்டி வந்தார். 20 வயது இருக்கும். வந்தவன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பேன்ட்டைச் சுருட்டித் தொடையிலிருந்து இறங்கும் தழும்பைக் காட்டினான். உள்ளே உலோக மூட்டு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மற்றது முதலில் என்று வராந்தாவில் செய்து காட்டினான். அப்புறம் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்டதும் இல்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆதரவுச் சேவை என்பதில் நான் முதலில் வைப்பது இதைத்தான். இதையே அமைப்பாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கேன்டீன் என்ற அமைப்பை 1985-ல் தொடங்கியதே புற்றுநோய் வந்த இளைஞர்கள்தான். பிரிட்டனில் டீனேஜ் கேன்சர் டிரஸ்ட் 1990-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இந்த வயதினருக்கென்றே முதல் வார்டைத் திறந்தது. இன்று 13 முதல் 24 வயது வரையானவர்களை அவர்கள் பார்க்கிறார்கள். நோயாளிகள் கூடி உட்கார இடம், விளையாட மேசை, இவர்களோடு பேசுவதையே வேலையாகச் செய்யும் இளைஞர் பணியாளர்கள் எல்லாம் உண்டு. உங்களுக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒரு வார்டு இல்லாமல் போகலாம். அதற்காகக் காத்திருக்காதீர்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம், இதே நோயைக் கடந்து வந்த இவன் வயதுக்காரர் ஒருவரை அறிமுகம் செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஒருவர் போதும். முதலில் தம்பியிடம் அவனுக்கு விருப்பமா என்று கேளுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, பேச்சின் ஒரு பகுதிக்கு அப்பா, அம்மா, நீங்கள், மாமா எல்லோரும் வெளியே உட்காருங்கள். அவன் தனியாக உள்ளே இருக்கட்டும். இந்த வயதினரைப் பார்க்கும் மருத்துவர்கள் தனியாகப் பேசக் கற்றுக்கொள்வதே தூக்கம், படிப்பு, போதை, காதல், உடலுறவு, செத்துவிடலாம் என்ற எண்ணம் இதையெல்லாம் கேட்கத்தான். அம்மாவின் முன்னால் எந்தப் பையன் இதற்குப் பதில் சொல்வான்? கீமோ பிள்ளை பெறும் திறனைப் பாதிக்கலாம், தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்பதை எத்தனை வீடுகளில் பையனிடம் சொல்கிறார்கள்? வராந்தாவிலேயே பெரியவர்கள் கூச்சப்பட்டு முடித்துவிடுகிறார்கள். அவனுக்குச் சேமித்தார்களா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டாலும் சிகிச்சை முடிந்த பிறகு பரிசோதித்துப் பார்க்க வழி உண்டு. அதை அவனே கேட்கட்டும். அவனுடைய உடம்பு அது. ஃபைலையும் அப்பாவின் கக்கத்திலிருந்து வாங்கி அவன் கையில் கொடுங்கள். சில கீமோ மருந்துகள் பல வருடம் கழித்து இதயத்தைத் தொந்தரவு செய்யும். எந்த மருந்து எவ்வளவு போனது என்ற கணக்கு அவனுக்கு நாற்பது வயதிலும் தேவைப்படும். அன்று அந்த ஃபைலை யார் தேடிக்கொண்டிருப்பது?

நோயின் பெயரை அவனிடம் யார் சொல்வது என்று தயங்கினால் மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள். அதற்கு முந்தின நாள் அவனிடம், "உனக்கு இதுவரைக்கும் என்னடா தெரியும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் அன்றைக்கே மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

டெர்ரி ஃபாக்ஸ் வீடியோவை நிறுத்திவிடுங்கள். அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1977-ல், 18 வயதில் காலை இழந்து, 1980-ல் கனடாவில் 143 நாள் ஓடியவர். ஆனால் அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு அவரிடம் ஒரு கட்டுரை போய்ச் சேர்ந்தது, செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தானை முடித்த டிக் ட்ராம் என்பவரைப் பற்றி. அதைப் படித்துவிட்டு ஓட வேண்டும் என்று முடிவு செய்தது டெர்ரி. தினமும் காலையில் "ஓடு, ஓடு" என்று அவருக்கு யாரும் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் குமட்டலோடு படுத்திருப்பவன் வீரனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புத்தகமும் அப்படித்தான், அவனாகக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள்.

பழையபடி ஆக மாட்டான். அதை எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. இரவெல்லாம் விழித்திருக்கிறேன், வேலைக்கு விடுப்பு போட்டிருக்கிறேன் என்று கடிதத்தின் ஓரத்தில் இடுக்கி எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன கேன்டீன் அமைப்பு நோய் வந்தவர்களை மட்டுமல்ல, அவர்களின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளையும் சேர்த்துக்கொள்கிறது. வீட்டில் எல்லோர் கண்ணும் ஒருவன் மேல் இருக்கும்போது கூடப் பிறந்தவர்கள் எப்படித் தேய்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சமூகப் பணியாளரைப் பார்க்கும்போது உங்களுக்கும் தனியாக ஒரு நேரம் கேளுங்கள். கோபம் வந்தால் அவரிடம் கொட்டுங்கள். என் மீது வந்திருந்தால் எனக்கே எழுதுங்கள், பதில் போடுகிறேன்.