பெட்டியும் கையுமாக சென்னை விமான நிலையத்தில்: டாக்சிக்காரரிடம் கேளுங்கள்

சென்னை விமான நிலையத்திலிருந்து வண்டி ஓட்டுகிறவன் நான். அங்கே இறங்கி ஊருக்குள்ளோ பக்கத்து ஊருக்கோ எதில் போகலாம் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அது மணிக்கு மணி மாறுகிறது. கேட்கும்போது எத்தனை பேர், எத்தனை பெட்டி, எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அது இல்லாமல் பதில் இல்லை.

கேள்வி: துபாயிலிருந்து தனியாக வருகிறேன். 30 கிலோ பெட்டி ஒன்று, தோள்பை ஒன்று. சாயங்காலம் 6 மணிக்கு இறங்குவேன். இரவு எழும்பூரில் மதுரைக்கு ரயில். மெட்ரோவா, டாக்சியா அண்ணா?

ரெண்டும் வேண்டாம் தம்பி. ஏர்போர்ட்டுக்கு எதிரே, ஜிஎஸ்டி ரோட்டுக்கு (தெற்கே போகிற நெடுஞ்சாலை) அந்தப் பக்கம் திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது. கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால் நேரே எழும்பூர், இடையில் மாற வேண்டியதில்லை. மெட்ரோவில் போனால் ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும். 30 கிலோவோடு அது எதற்கு?

தெற்கே போகிற ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்குமே, அங்கேயே ஏறலாமே என்று அடுத்து நீங்களே கேட்பீர்கள். திரிசூலத்திலிருந்து நாலாவது ஸ்டேஷன்தான் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் தாண்டினால் வந்துவிடும். ஆனால் நேரத்தைப் பாருங்கள். சாயங்காலம் ஆபீஸ் கூட்டம் முழுக்கத் தாம்பரம் பக்கம் வருகிறது. அந்த ரயிலில் பெட்டியோடு ஏறினால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாது. அதே நேரம் கடற்கரை பக்கம் போகிற ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். காலையில் இது அப்படியே தலைகீழ். ஆகவே சாயங்காலம் இறங்கினால் எழும்பூர், காலையில் இறங்கினால் தாம்பரம்.

தாம்பரத்தில் ஏறுவதாக இருந்தால் சார்ட் (பயணிகள் பட்டியல்) போடுவதற்கு முன்பே ஏறும் இடத்தை மாற்றிவிடுங்கள். எழும்பூர் என்று டிக்கெட் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் போய் நின்றால், நீங்கள் வரவில்லை என்று டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) உங்கள் பெர்த்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஜிஎஸ்டி ரோட்டைக் குறுக்கே கடக்காதீர்கள். சுரங்கப்பாதை இருக்கிறது, அதில் போங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு சென்டர் மீடியனில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஹாரன் அடிக்கக் கூடக் கை வராது.

கேள்வி: டாக்சி ஓட்டுகிற நீங்களே ரயிலில் போகச் சொல்கிறீர்களே?

ஒரு பெட்டிக்காரர் ரயிலில் போகட்டும். எட்டுப் பெட்டிக்காரர் என்னிடம் வருவார்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து நாலு பேர். ஆளுக்கு 23 கிலோ பெட்டி ரெண்டு. டிசையர் ஒன்று புக் பண்ணினால் போதுமா? இல்லை, ரெண்டு வேண்டுமா?

வந்துவிட்டார் பாருங்கள்.

டிசையர், எட்டியாஸ் மாதிரி வண்டியில் டிக்கி காலியாக இருந்தால் பெரிய பெட்டி ரெண்டு போகும். ஆனால் இன்று ஓடுகிற வண்டிகளில் நிறைய சிஎன்ஜி. சிலிண்டர் டிக்கிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அதில் பெரிய பெட்டி ஒன்று வைப்பதே கஷ்டம். புக் பண்ணும்போது ஆப்பில் இது தெரியாது. டிரைவர் போன் பண்ணும்போது முதல் கேள்வியாக, "டிக்கியில் சிலிண்டர் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

உங்கள் கணக்கு எட்டுப் பெரிய பெட்டி, அது போகக் கையில் கொண்டுவருவது நாலு. ரெண்டு டிசையர் வந்தாலும் போதாது. இன்னோவா எடுங்கள், பின்வரிசை சீட்டை மடக்கச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் தாராளமாக உட்காரலாம். மிஞ்சினால் மேலே கேரியர். கேரியர் உள்ள வண்டி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறீர்கள் என்றால் தார்ப்பாய் இருக்கிறதா என்றும் கேளுங்கள். "செவன் சீட்டர்" என்றால் ஏழு பேரும் ஏழு பெட்டியும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஏழு பேர் உட்கார்ந்தால் பின்னால் ஒரு கைப்பைக்குத்தான் இடம்.

ஆப் வண்டி ஏறும் இடம் டெர்மினல் வாசலில் இல்லை, பல அடுக்குக் கார் நிறுத்தத்தில். அதுவரை எட்டுப் பெட்டியையும் தள்ள வேண்டும். பேட்டரி வண்டி வந்தால் வயதானவர்களை அதில் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: கோயம்பேடு போக?

மெட்ரோ. ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாறுங்கள்.

கேள்வி: மீனம்பாக்கம் ஏர்போர்ட்தானே? திரும்பிப் போகும்போது மீனம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கலாமா?

கூடாது. மீனம்பாக்கம் என்று மின்சார ரயிலிலும் ஒரு ஸ்டேஷன், மெட்ரோவிலும் ஒரு ஸ்டேஷன். ரெண்டும் உங்களுக்கு இல்லை. பழைய டெர்மினல் அந்தப் பக்கம் இருந்த காலத்துப் பழக்கம் இது. மின்சார ரயில் என்றால் திரிசூலம். மெட்ரோ என்றால் கடைசியாக வரும் விமான நிலைய ஸ்டேஷன், 2016 செப்டம்பரில் திறந்தது.

கேள்வி: அம்மாவை வேலூர் சிஎம்சிக்குக் கூட்டிப் போகிறோம். கொல்கத்தாவிலிருந்து வருகிறோம். அம்மா மெதுவாக நடப்பார். மூன்று பேர், சின்னப் பெட்டி மூன்று.

பகலில் இறங்கினால் மெட்ரோவில் நேரே சென்ட்ரல். மாற வேண்டாம், லிப்ட் இருக்கிறது, பெட்டியை ஸ்கேனரில் போட்டு எடுக்கும்போது மட்டும் ஒருவர் அம்மாவோடு நில்லுங்கள். சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு ரயில் அடிக்கடி உண்டு. காட்பாடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. அம்மாவால் உட்கார முடியவில்லை, படுத்துத்தான் வர வேண்டும் என்றால் யோசிக்காமல் கார் எடுங்கள். சுமார் 130 கிலோமீட்டர். வெளியூர் வாடகை பேசும்போது டோல், டிரைவர் பேட்டா, குறைந்தபட்சக் கிலோமீட்டர் மூன்றும் சேர்த்தா, தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும், பெட்டி ரெண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு இறங்கிப் புதுச்சேரி போக வேண்டும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியா, திண்டிவனம் வழியா?

திண்டிவனம். ஏர்போர்ட் ஜிஎஸ்டி ரோட்டின் மேலேயே இருக்கிறது. வெளியே வந்து திரும்பினால் அதுதான் ரோடு. ஈசிஆர் போக பல்லாவரத்தில் திரும்பி, துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் கிழக்கே போய், மெட்ரோ வேலை நடக்கிற ஓஎம்ஆரை (பழைய மாமல்லபுரம் சாலை) தாண்ட வேண்டும். கடலைப் பார்ப்பதற்குள் உங்களுக்குப் பசி எடுத்துவிடும். வெள்ளி சாயங்காலம் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கமும் நெரிசல்தான், அதை மறைக்கவில்லை. ஏர்போர்ட்டிலேயே சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கு மேல் கிளம்புங்கள்.

பஸ் என்றால் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட். ஜிஎஸ்டியில் நேர் தெற்கே, 16 கிலோமீட்டர். தமிழ்நாட்டு வண்டி என்றால் புதுச்சேரி பர்மிட் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசுங்கள். அது வேறு ஆட்சிப் பகுதி.

கேள்வி: இது என்ன பதில்! ஈசிஆர்தான் கிட்டத்து வழி, எல்லோருக்கும் தெரியும்.

அடையாற்றிலிருந்து கிளம்பினால் கிட்டத்து வழி. திருவான்மியூரிலிருந்தும். நீங்கள் கிளம்புவது திரிசூலத்திலிருந்து.

கேள்வி: கூகுள் ஈசிஆரைத்தான் காட்டுகிறது. ஜிஎஸ்டியில் பரனூர், ஆத்தூர் என்று டோல் வேறு.

ஈசிஆரில் டோல் இல்லையா? உத்தண்டியில் நிறுத்தித்தானே வாங்குகிறார்கள்? கூகுள் இந்த நிமிஷத்து நெரிசலைச் சொல்லும். மாமல்லபுரம் தாண்டி நாலுவழி வேலைக்காக எங்கே ரோட்டை ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள், எங்கே மாடு படுத்திருக்கிறது என்று சொல்லாது.

கேள்வி: நான் முப்பது வருஷப் புதுச்சேரிக்காரன். கடற்கரைக் காற்றுக்கு முன்னால் உங்கள் திண்டிவனம் என்ன ரோடு சார்?

ஐயா, காற்று வாங்கப் போவதானால் ஈசிஆரில் போங்கள், பகலில். மரக்காணம் உப்பளம் பக்கம் எனக்கும் பிடிக்கும். கேட்டவர் விமானத்தில் பாதி நாள் உட்கார்ந்து வருகிறார், இருட்டில் போகிறார், பின்னால் ரெண்டு பெட்டி. இருட்டில் டயர் வெடித்தால் நடு மீடியன் உள்ள ரோட்டில், கடை வெளிச்சம் உள்ள இடத்தில் வெடிக்க வேண்டும். வாடகை கொடுக்கிறவர் வழி சொல்லலாம், போகிறேன். என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: எழும்பூர் போக மெட்ரோவா, டாக்சியா?

முதல் பதில்.

கேள்வி: தனியாக, நாலு வயதுக் குழந்தையோடு, இரவு 2 மணிக்கு இறங்குகிறேன். அண்ணாநகர் போக வேண்டும். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா, அவசரமும் படாதீர்கள். அந்த நேரத்தில் மெட்ரோ இல்லை, காலை 5 மணிவாக்கில்தான். ப்ரீபெய்டு கவுன்டரில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். இல்லையென்றால் ஆப் வண்டி. வண்டி எண்ணை ஆப்பில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டாருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு ஏறுங்கள். பெட்டி டிக்கியில், குழந்தையும் கைப்பையும் உங்களோடு பின்சீட்டில். கைப்பையை முன்சீட்டில் வைக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் "டாக்சி வேணுமா மேடம்?" என்று பக்கத்தில் வந்து பெட்டியில் கை வைக்கிறவரோடு போகவே போகாதீர்கள். உண்மையான வண்டிக்காரன் வண்டியில் இருப்பான், பெட்டி பிடுங்க வரமாட்டான். இது பகலில் இறங்குகிறவர்களுக்கும்தான்.

கேள்வி: காஞ்சிபுரம்?

எத்தனை பேர், எத்தனை பெட்டி, எத்தனை மணி?

கேள்வி: ஒருவர், ஒரு பெட்டி, காலை 8.

செங்கல்பட்டு வழியாக மின்சார ரயில் உண்டு, ஆனால் நாளுக்கு ஒரு சிலதான். திரிசூலத்தில் நேரம் பாருங்கள். ஒத்து வராவிட்டால் தாம்பரம் போய் பஸ்.

கேள்வி: பெங்களூரு ஏர்போர்ட்டிலிருந்து ஓசூர் எப்படி?

அங்கே ஓட்டுகிறவரைக் கேளுங்கள்.

கேள்வி: புதுச்சேரிக்கு ஈசிஆரில் போனால் எவ்வளவு ஆகும்?

கட்டணமும் கேட்டுவிட்டீர்கள், ஈசிஆரும் கேட்டுவிட்டீர்கள். எனக்கு சவாரி வந்திருக்கிறது, கிளம்புகிறேன்.