தொடக்கப் பள்ளிகளில் விளையாட்டு இடைவேளையை மேம்படுத்த என்ன செய்யலாம்?

ஊஞ்சல், சறுக்குமரம் என்று பட்டியல் போடும் முன், ஒரு வாரம் கடிகாரத்தோடு முற்றத்தில் நின்று பாருங்கள். தொடக்க வகுப்பு ஆசிரியையாக நான் அதைச் செய்தது மிகத் தாமதமாகத்தான். கால அட்டவணையில் 15 நிமிடம் என்றிருந்தது. கணக்குப் பாடம் மணியைத் தாண்டி இழுக்கும். வரிசையில் நிறுத்தி மாடியிலிருந்து இறக்க வேண்டும். பிறகு கழிப்பறை, தண்ணீர். முடிவில் மறுபடியும் வரிசை. பிள்ளைகளுக்கு மிஞ்சியது 6 நிமிடம். யார் எந்த அணி என்ற சண்டைகூட அதற்குள் முடியாது. பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்கு 15 நிமிட இடைவேளை என்பது நெடுநாள் வழக்கம். அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், தாளில் எழுதிய நிமிடங்களையாவது முழுதாகக் கொடுக்கலாம். கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் தனியாக 5 நிமிடம் ஒதுக்கியதே நாங்கள் செய்த முதல் மாற்றம்.

இரண்டாவது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாதவர்களை இடைவேளையில் உட்கார வைப்பது என் வழக்கமாக இருந்தது. ஒரு பையன் வாரத்தில் மூன்று நாள் அப்படி உட்காருவான். கண் ஜன்னலில் இருக்கும், பென்சில் ஒரே எழுத்தின் மேல் ஓடி ஓடித் தாளைக் கிழித்துவிடும். அடுத்த பாடவேளையில் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருப்பான். அதற்கும் திட்டு வாங்குவான். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ, அவனையே பிடித்துக் கட்டி வைத்திருக்கிறேன். பாடத்துக்காகவோ தண்டனையாகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2013இலேயே கூறியிருக்கிறது. அதைப் படிப்பதற்கு முன்பே அந்தப் பையன் எனக்குச் சொல்லிவிட்டான். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

இனி இடம். ஒரு பந்து, பத்துப் பையன்கள் போதும், முற்றம் முழுவதும் அவர்களுடையது. மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுப் பந்தாட்டத்துக்கு எல்லை கட்டினோம். இரண்டு நாள் முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

காலியான பாதியில் என்ன வைப்பது? விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனையில் ஒரு விளையாட்டுத் திடல் திறந்தார்கள். அங்கே பலகையும் பழைய சாமான்களும்தான் விளையாட்டுப் பொருள்கள். அந்தத் துணிச்சலில் நாங்களும் அட்டைப்பெட்டி, பழைய டயர், கயிறு, கிழிந்த போர்வை எல்லாம் கொண்டுவந்து போட்டோம். ஆணி, கூர்முனை இருக்கிறதா என்று காலையில் ஒருவர் பார்த்துவிடுவார். தினமும் சுவரைத் தடவியபடி தனியே நடக்கும் ஒரு சிறுமி, குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் துளை வழியாக ஒரு கை நீண்டது: "உள்ளே வர இரண்டு இலை கொடுக்க வேண்டும். மஞ்சள் இலை செல்லாது." வெளியே நான்கு பேர் இலையோடு நிற்கிறார்கள், அதில் ஒருவன் பந்தாட்டத்தை விட்டு வந்தவன். அவளை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும்படி மற்ற பிள்ளைகளிடம் நான் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்!

கண்காணிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர்கள் நிழலில் கூடிப் பேசிக்கொண்டிருப்பதும் தவறு, "ஓடாதே, ஏறாதே" என்று விசில் ஊதிக்கொண்டே இருப்பதும் தவறு. கண்ணுக்கு எட்டாத மூலையில், கழிப்பறைப் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். சண்டை என்றால் உடனே பாய வேண்டாம். பெரும்பாலும் அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். கை ஓங்கினாலோ, தினமும் ஒரே பிள்ளை ஒதுக்கப்பட்டாலோ போய்விட வேண்டும். அங்கே பொறுமை உதவாது.

கடைசியாக, மதிய உணவு. சாப்பிட்ட பிறகுதான் விளையாட்டு என்றால் பாதி உணவு டப்பாவிலேயே திரும்பும். மனம் முற்றத்தில் இருக்கும்போது வாய் எப்படி மெல்லும்? நாங்கள் வரிசையை மாற்றி விளையாட்டை முன்னால் வைத்தோம், டப்பாக்கள் காலியாகின்றன. ஒரே தொல்லை, அத்தனை மண் கைகளும் ஒரே நேரத்தில் குழாயடிக்கு வருகின்றன. இன்னும் இரண்டு குழாய் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.