'ஓகே'வை 'கே' என்று சுருக்கினால் பெரியவர்களுக்கு ஏன் எரிச்சல் வருகிறது?

சுருக்கமே பிடிக்காது என்றில்லை. அவர்கள் காலத்துச் சுருக்கம் வேறு. என் தாத்தாவின் பழைய இன்லண்ட் லெட்டரில் மேலே பிள்ளையார் சுழி, மகன் பெயருக்கு முன் 'சி.', மருமகளுக்கு 'சௌ.'. கணக்கு நோட்டில் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, 'மேற்படி'க்கு ௸. இதையெல்லாம் யாரும் அவமரியாதை என்று சொன்னதில்லை. 'சிரஞ்சீவி'யும் 'சௌபாக்கியவதி'யும் ஆசீர்வாதமாயிற்றே!

இன்றைய சுருக்கம் எஸ்எம்எஸ்ஸில் வளர்ந்தது. ஒரு செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் 160, தமிழென்றால் 70தான். காசை மிச்சம் பிடிக்கத் தங்கிலீஷில், அதிலும் உயிரெழுத்தை விழுங்கி எழுதினோம். (அப்படி எழுதிய நாங்களே இப்போது பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறோம், அது தனிக் கதை.) வாட்ஸ்அப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான், 'இன்னொரு எழுத்தைத் தட்டக்கூட நேரமில்லையா?' என்று தோன்றுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. என் அப்பா 'சரி.' என்று முற்றுப்புள்ளியோடுதான் அனுப்புவார், பள்ளிக்கூடப் பழக்கம். அதைப் பார்த்துவிட்டு என் மகள், "தாத்தா கோவமா இருக்காரா?" என்று கேட்டாள். வரி முடிந்ததைக் காட்ட அவளுக்கு அனுப்பும் பொத்தானே போதும். புள்ளி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி.

இன்னொன்று: 'ஓ மை காட்' என்பதைச் சுருக்கிய ஓஎம்ஜி இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு இல்லை. 1917-இல் பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தலைவர் ஃபிஷர் பிரபு சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 76.