அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்? வீட்டு ஆளுங்களை படம் எடுக்கறவங்க கேட்டதும் என் பதிலும்

பிள்ளைங்க, அப்பத்தா, ஐயா, வீட்டு விசேஷம்னு சொந்தக்காரங்களை மட்டும் ஆசைக்கு எடுக்கற நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து ஆளுங்க கேட்டதுக்கு இங்க வரிசையா பதில் போட்டிருக்கேன். காசுக்கு கல்யாணம் எடுக்கறவங்களுக்கு கணக்கே வேற, அவங்க இதை வச்சு முடிவு பண்ண வேணாம். புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு: எம்எம் கூடக்கூட லென்ஸ் நெருக்கிக் காட்டும்; 1.8, 2.8, 5.6ங்கறது அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் உள்ள திறக்கற அளவு, நம்பர் குறையக்குறைய வெளிச்சம் கூடுதலா வரும்.

காரைக்குடி: அண்ணே, கேனான் 1500டி வச்சிருக்கேன், கேமரா கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ் மட்டும்தான். பாப்பாவுக்கு ரெண்டு வயசு. யாரைக் கேட்டாலும் 50 எம்எம் 1.8 வாங்குன்னுதான் சொல்றாக. வாங்கிரவா?

கொஞ்சம் பொறுங்க தம்பி. உங்க 18-55ஐ 50ல வச்சு ஜூம் வளையத்துல டேப் ஒட்டிட்டு ஒரு வாரம் வீட்டுக்குள்ள அப்படியே எடுங்க, அடுத்த வாரம் 24ல ஒட்டிக்கங்க. எதுல படம் அமையுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும், காசு செலவே இல்ல.

உங்க கேமராவுல படம் பதியற சென்சார் சின்னது, 1.6 மடங்கு கணக்கு, அதனால 50ஐப் போட்டா பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுல 80 போட்ட மாதிரி நெருக்கிக் காட்டும். மூணு மீட்டர் தள்ளி நின்னாலும் படத்துக்குள்ள அடங்கற அகலம் 1.3 மீட்டர்தான். பாப்பா மட்டும்னா ரொம்ப அழகா வரும், அவ அம்மாவும் அப்பத்தாவும் பக்கத்துல உக்காந்தா யாராச்சும் ஒருத்தர் பாதிதான் வருவாக. வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, எடுத்தா பின்னால போக எடம் இருக்கு, ஆனா பிள்ளை அங்கயா இருக்கு, பாதி நேரம் உள் அறையிலயும் அடுப்படியிலயும்தானே, அங்க நாலடி பின்னால வச்சா முதுகு சுவத்துல முட்டும்.

அதனால நான் முதல்ல சொல்றது 24 எம்எம் 2.8 பான்கேக், தட்டையா இருக்கற குட்டி லென்ஸ். எடை 125 கிராம்தான், 16 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போய் ஃபோகஸ் பண்ணும், பாப்பா விரலைக்கூட தனியா எடுக்கலாம். 50க்கு 35 சென்டிமீட்டர் தள்ளி நிக்கணும். அதுக்காக 50 மோசம்னு சொல்லல, 55ல உங்க கிட் லென்ஸ் 5.6க்கு மேல திறக்காது, 1.8ன்னா கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வருது, சாயங்காலம் முகப்புல ஐயா பேப்பர் படிக்கும்போது முகத்தை மட்டும் எடுக்க அதை மாதிரி ஒண்ணு கிடையாது. ஆனா 1.8ல ரெண்டு மீட்டர் தூரத்துல தெளிவா விழறது ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் ஆழம்தான், முன்னால பின்னால ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் மங்கிருவாக. இது தெரிஞ்சு வாங்குங்க.

தேவகோட்டை: ஐயாவுக்கு சதாபிஷேகம் வருது, எங்க பழைய வீட்டுலயே வைக்கிறோம். நிக்கான் டி5600 இருக்கு. ஃபிளாஷ் வாங்கவா, இல்ல 2.8 ஜூம் வாங்கவா?

லென்ஸ்தான். ஃபிளாஷை மேல பார்த்து அடிச்சா வெளிச்சம் பரவலா இறங்கும்னு எல்லா வீடியோவிலயும் சொல்றாக, அது தாழ்வான வெள்ளை சீலிங் உள்ள வீட்டுக்கு. உங்க வீட்டுல வளவுக்கு மேல வானம்தான் இருக்கு, முற்றத்தைச் சுத்தி இருக்கற பத்தியில நின்னா உசரத்துல கறுத்துப்போன தேக்குமரம், அது வெளிச்சத்தை முழுங்கிரும், திருப்பி வந்தாலும் மஞ்சளாத்தான் வரும். நேரா அடிச்சீங்கன்னா நம்ம முட்டைச் சாந்து சுவரு இருக்கே, அது கண்ணாடியா மினுக்குறதால வெள்ளையா ஒரு பொட்டு விழும், தரையில இருக்கற ஆத்தங்குடிக் கல்லுலயும் அதே கதை. சுவருக்கு நேரா நிக்காம சாய்வா நின்னா ஓரளவு தப்பிக்கலாம்.

17-50, எல்லா எம்எம்லயும் 2.8 திறக்கிற ஜூமா பாருங்க, சிக்மாவுல உண்டு, டாம்ரான்ல உண்டு, செகண்ட்ஸ்ல தேடினா விலை கைக்கடக்கமா வரும். 5.6க்கும் 2.8க்கும் வெளிச்சம் நாலு மடங்கு. குறைஞ்ச வெளிச்சத்துக்கு கூட்டி வைக்கற ஐஎஸ்ஓவை 1600, 3200 போடப் பயப்படாதீங்க, லேசா புள்ளி தெரிஞ்சா என்ன, ஐயா கண்ணு கலங்கறது ஆடாம விழணும், அதுதான் முக்கியம். உச்சி வேளையில வளவு நடுவுல உக்கார வச்சா கண்ணுக்குழியில நிழல் விழும், தூணை ஒட்டி நிழல் ஓரமா மனையைப் போடச் சொல்லுங்க, வெளிச்சம் பக்கவாட்டுல மெதுவா வரும். எல்லாரும் வரிசையா நிக்கற படத்துக்கு மட்டும் 5.6க்கு மாத்திக்கங்க, இல்லன்னா பின்வரிசை போயிரும்.

புதுவயல்: நிக்கான் டி3500க்கு செகண்ட்ஸ்ல 50 எம்எம் 1.8 டி சல்லிசா வருது அண்ணே.

வேணாம் தம்பி. அந்த டி லென்ஸுக்கு உள்ள மோட்டார் இல்ல, உங்க கேமராவிலயும் இல்ல, ஆட்டோஃபோகஸ் வேலையே செய்யாது. கையால திருப்பறதுக்குள்ள பிள்ளை அடுத்த கட்டுக்குப் போயிரும். 35 எம்எம் 1.8 ஜி டிஎக்ஸ் பாருங்க, உங்க சென்சாருக்குன்னே செஞ்சது, வீட்டுக்குள்ள அளவும் தோதா இருக்கும்.

கானாடுகாத்தான்: வீடும் தெரியணும், பங்காளிங்க எல்லாரும் தெரியணும். கேனானுக்கு 10-18 வைடு வாங்கலாமா?

ஆளுங்களுக்காக வாங்காதீங்க. 10ல ஓரத்துல நிக்கறவங்க முகம் இழுத்துக்கிட்டு அகலமாயிரும், அந்த படத்தைப் பார்த்துட்டு உங்க அத்தை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக. உங்க கையில இருக்கற கிட் லென்ஸ்ல 18ல வச்சு நாலு மீட்டர் பின்னால போனாலே அஞ்சு மீட்டர் அகலம் வந்துருது, மூணு வரிசை போட்டா முப்பது பேர் தாராளமா நிப்பாக. வளவையும் தூணையும் தூணாவே எடுக்க ஆசைன்னா 10-18 அருமையான லென்ஸ், அப்ப கேமராவை அண்ணாந்து பிடிக்காம நேரா பிடிங்க, இல்லன்னா தூணெல்லாம் உள்பக்கம் சாயும்.

திருப்பத்தூர்: சோனி 6400, கிட் லென்ஸ்ல ஆட்டம் தாங்குற வசதி இருக்கு, அப்பறமும் பையன் ஓடறப்ப மங்கலாத்தான் வருது. ஏன்?

அந்த வசதி உங்க கை நடுக்கத்துக்குத்தான், பையன் காலுக்கு இல்ல. ஷட்டர் வேகத்தை குறைஞ்சது செகண்டுல 250ல ஒண்ணுக்கு வைங்க, ஓடுறான்னா 500ல ஒண்ணு. வீட்டுக்குள்ள அதுக்கு வெளிச்சம் பத்தாது, அங்கதான் சிக்மா 30 எம்எம் 1.4 மாதிரி ஒண்ணு வேணும். அதுல ஆட்டம் தாங்குற வசதி கிடையாது, அந்த ஷட்டர் வேகத்துல அது தேவையும் இல்ல.

பள்ளத்தூர்: தம்பி, மகளோட கழுத்திருவை கிட்டத்துல எடுத்து வைக்கணும். மேக்ரோ லென்ஸ் வாங்கணுமா?

ஒரு நகைக்காக வேணாம் ஆச்சி. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுற எக்ஸ்டென்ஷன் டியூப் போதும், உள்ள கண்ணாடியே இல்லாத வெறும் வளையம், இருக்கற லென்ஸே இன்னும் கிட்ட போகும். ஆட்டோஃபோகஸ் வேலை செய்ய மின்தொடர்பு ஊசி உள்ளதா பார்த்து வாங்குங்க. ஃபிளாஷ் போடாதீங்க, ஜன்னலோரம் வெள்ளை வேட்டி விரிச்சு எடுங்க, தங்கம் நிறம் மாறாம வரும்.

கோட்டையூர்: செகண்ட்ஸ் லென்ஸ்ல என்ன பார்க்கணும்? வாங்கி பீரோவுல வைக்கலாமா?

மொபைல் டார்ச்சை ஒரு பக்கத்துல அடிச்சு மறுபக்கத்துல பாருங்க. தூசு ரெண்டு இருந்தா பரவாயில்ல, சிலந்தி நூலாட்டம் கிளை விட்டிருந்தா அது பூஞ்சை, எவ்வளவு சல்லிசா குடுத்தாலும் திருப்பிக் குடுத்துருங்க, அது கண்ணாடி மேல இருக்கற பூச்சை அரிச்சுரும். அப்பர்ச்சர் இதழ்ல எண்ணெய்ப் பசை இருக்கான்னும் பாருங்க. பீரோவும் வேணாம், தோல் பையும் வேணாம், ஐப்பசி கார்த்திகை மழையில ரெண்டும் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். இறுக்கமா மூடற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு. முள்ளு 40 சதவீதத்துக்கும் 50க்கும் நடுவுல நிக்கணும், அதைத் தாண்டினா ஜெல்லை மாத்துங்க.