கடிக்கிற பூனை, ஆறுதல் சொல்கிற பூனை: கேள்வி பதில்

நாய்க்குப் பாசம் இருக்கிறதா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. பூனை என்றால் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது. கால்நடை மருத்துவராக நான் அதிகம் கேட்ட கேள்வி, ‘இது நம்மைப் பிடித்துத்தான் சுற்றுகிறதா, மீனுக்காகச் சுற்றுகிறதா?’ என்பதுதான். இரண்டுக்கும்தான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘எங்கள் பூனை எங்களைக் காவல் காக்கிறது’ என்கிற ரகம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டாக்டரம்மா, நான் குளிக்கப் போனால் எங்கள் வீட்டுக் கடுவன் பூனை குளியலறை வாசலில் உட்கார்ந்து கத்துகிறான். தண்ணீரில் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறானா? (திருநெல்வேலி)

தண்ணீர் பயம் எல்லாம் நாம் ஏற்றிச் சொல்வது. வீடு முழுக்க அவனுடைய எல்லை. தினமும் ரோந்து போய், கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி வைத்திருக்கிறான். அதில் ஒரு கதவு மூடினால் அவனுக்குப் பொறுக்காது. உள்ளே நீங்கள் வேறு இருக்கிறீர்கள். ஒரு நாள் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பாருங்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டால் கதவுதான் பிரச்சினை. நீங்கள் கண்ணில் படாத எல்லா நேரமும் சாப்பிடாமல் கத்துகிறான் என்றால் அது வேறு. தனிமையைத் தாங்க முடியாத பூனைகளும் உண்டு.

நானும் கணவரும் விளையாட்டுக்குச் சண்டை போட்டால்கூடப் பூனை பாய்ந்து அவர் கணுக்காலைக் கடிக்கிறது. ‘உன் பாடிகார்டு’ என்று கேலி செய்கிறார். நிஜமாகவே என்னைக் காப்பாற்றுகிறதா? (கோவை)

அப்படியும் பூனைகள் இருந்திருக்கின்றன. 2014 மே மாதம், கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில், வீட்டு வாசலில் சைக்கிளோடு இருந்த நாலு வயதுப் பையனைப் பக்கத்து வீட்டு நாய் காலைக் கவ்வி இழுத்தது. பையன் வீட்டுப் பூனை டாரா எங்கிருந்தோ ஓடி வந்து நாய் மேல் மோதி, அதைத் துரத்திவிட்டுப் பையனிடமே திரும்பி வந்தது. கண்காணிப்பு கேமராவில் பதிவானதால் உலகமே பார்த்தது. மறுவருடம் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விலங்கு நல அமைப்பு, வழக்கமாக நாய்களுக்கே கொடுக்கும் ‘வீர நாய்’ விருதை இந்தப் பூனைக்குக் கொடுத்தது!

ஆனால் டாராவைக் காட்டி எல்லாப் பூனைக்கும் காவல்காரப் பட்டம் கட்ட மாட்டேன். உங்கள் பூனையிடம் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கடிப்பதற்கு முன் காது பக்கவாட்டில் படிகிறதா? கண்மணி பெரிதாகிறதா? வால் சாட்டை மாதிரி அடிக்கிறதா? மூன்றும் இருந்தால் அது மிரண்டு போயிருக்கிறது. நீங்கள் ‘ஆ’ என்று கத்துகிறீர்கள், இரண்டு பேர் கட்டிப் புரள்கிறீர்கள். விளையாட்டு என்று அதற்கு யார் சொன்னது? எட்டும் தூரத்தில் இருக்கும் காலைக் கடிக்கிறது. என்றாவது உங்களையே கடித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மிரட்டியவனை விட்டுவிட்டு அருகில் இருப்பவனைக் கடிப்பது பூனைகளிடம் சகஜம். ஒரு குடும்பம், ‘பாட்டியைக் காரணமே இல்லாமல் கடிக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம்’ என்று கூடையோடு வந்தார்கள். விசாரித்தால், கடித்தது எல்லாம் சாயங்கால நேரம். தெருக் கடுவன் ஒன்று அந்த நேரத்தில்தான் ஜன்னல் திண்டில் வந்து உட்காருமாம். உள்ளே இருப்பதால் அதை அடிக்க முடியாது. பாட்டியின் நாற்காலியோ ஜன்னலோரம். ஜன்னலின் கீழ்ப் பாதியில் பேப்பர் ஒட்டச் சொன்னேன். கொஞ்ச நாளில் பாட்டி மடியிலேயே தூங்கத் தொடங்கிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: சண்டை விளையாட்டைப் பூனை இல்லாத அறையில் வைத்துக்கொள்ளுங்கள். மிரண்ட நேரத்தில் தூக்கவோ அடிக்கவோ திட்டவோ வேண்டாம், தனியாக விடுங்கள். தணிய மணிக்கணக்கில் ஆகலாம், சில பூனைக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். இனிமேல் மீன் வைப்பது கணவர் பொறுப்பு. நேற்றுவரை சாதுவாக இருந்தது திடீரென்று கடிக்கத் தொடங்கினால், பல்வலியோ மூட்டுவலியோ இருக்கும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். பல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் பூனை மூலமும் வரும். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். ‘வீட்டுப் பூனைதானே’ என்று விடாதீர்கள்.

டொக்டர், அம்மா காலமாகி மூன்று மாதம். இரவில் அழுதால் பூனை வந்து நெஞ்சில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. அதற்கு விளங்குகிறதா, நான்தான் அப்படி நினைக்கிறேனா? (யாழ்ப்பாணம்)

உங்கள் அம்மா இறந்துவிட்டார் என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் வழக்கமான நீங்களாக இல்லை என்பது தெரிகிறது. இதைச் சொல்ல எனக்கு ஆதாரம் உண்டு. இத்தாலியில் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிரித்த முகம், கோப முகம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, சிரிப்புச் சத்தத்தையோ கோபச் சத்தத்தையோ ஒலிக்கவிட்டார்கள். சத்தத்துக்குப் பொருந்தும் முகத்தையே பூனைகள் அதிக நேரம் பார்த்தன. கோபக் குரலுக்கு அவற்றிடம் பதற்றமும் கூடுதலாகத் தெரிந்தது.

இன்னொன்று, அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2019-இல் வந்தது. குட்டியையும் வளர்ப்பவரையும் புது அறையில் 2 நிமிடம் விட்டு, 2 நிமிடம் குட்டியைத் தனியாக விட்டு, திரும்ப அவரை உள்ளே அனுப்பினார்கள். சுமார் 64 சதவீதக் குட்டிகள் அவரைப் பார்த்ததும் ஆசுவாசமாகி, அவரிடம் ஒரு கண்ணும் அறையில் ஒரு கண்ணுமாகச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. கைக்குழந்தைகளிடமும் ஏறக்குறைய இதே விகிதம்தான். நீங்கள்தான் அதன் தைரியம். அந்தத் தைரியம் தேம்பி அழுதால் பூனை சும்மா இருக்குமா?

நெஞ்சில் படுப்பதில் உங்கள் உடம்புச் சூடும் பங்கு வகிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் என்ன, அது வருகிறது. படுத்துக்கொள்ளட்டும். அழுகைச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் ஓடும் பூனைகளும் இருக்கின்றன. அவற்றுக்குப் பாசம் குறைவு என்று அர்த்தமில்லை, பயம் அதிகம்.

ராத்திரியில் பூனை அழுதால் சாவு வரும் என்று மாமியார் துரத்தச் சொல்கிறார். வெளிநாட்டில் ஒரு பூனை சாவை முன்கூட்டியே சொன்னதாமே? (திருச்சி)

அந்தப் பூனை ஆஸ்கர். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலம், பிராவிடன்ஸ் நகரில் ஸ்டியர் ஹவுஸ் என்ற முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வளர்ந்தது. சாகும் தறுவாயில் இருப்பவரின் படுக்கையில் போய்ச் சுருண்டுகொள்ளும் என்று டேவிட் டோசா என்ற மருத்துவர் 2007-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் எழுதினார். உடம்பு ஓய்ந்துபோகும்போது மாறும் வாசனையை அது உணர்ந்திருக்கலாம் என்பது ஒரு யூகம். அசையாமல் கிடப்பவரின் படுக்கை சுகமாக இருந்திருக்கும் என்பது இன்னொன்று. எதுவானாலும் அது சாவைக் கொண்டுவரவில்லை.

உங்கள் வீட்டில் அழுவது பெட்டையாக இருந்து கருத்தடை செய்யாமல் இருந்தால், அது ஜோடிக்கு அழைக்கிறது. பத்து வயதுக்கு மேல் என்றால் காது மந்தம், தைராய்டு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். மாமியாரிடம் ‘அத்தை, அதுக்கு உடம்பு சரியில்லையாம்’ என்று சொல்லிப் பாருங்கள். சகுனத்தைவிட நோய்க்கு மதிப்பு உண்டு.

கைக்குழந்தையின் தூளிக்கு அடியிலேயே பூனை படுத்திருக்கிறது. காவலா? (மதுரை)

காவல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டையும் தனியாக விடாதீர்கள். பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சும் என்பது கட்டுக்கதை. ஆனால் கதகதப்புக்காகத் தூளிக்குள் ஏறிப் பச்சைக் குழந்தையின் முகத்தருகே படுத்தால் மூச்சு முட்டும், அது கட்டுக்கதை இல்லை. குழந்தை தூங்கும் அறைக் கதவை மூடி வையுங்கள். பூனைக்கும் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். குழந்தை வந்ததும் மறக்கப்பட்ட பூனைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

வீடு மாறினோம். அதிலிருந்து கடுவன் என் மெத்தையிலேயே மூத்திரம் போகிறான். கோபமா? (சிங்கப்பூர்)

பழிவாங்கத் தெரிந்த பூனையை நான் பார்த்ததில்லை. இடம் மாறினால், வீட்டில் சண்டை நடந்தால், மனப்பதற்றத்திலேயே சிறுநீர்ப்பை வீங்கி வலிக்கும் நோய் பூனைகளுக்கு வரும். மணல் தட்டில் போகும்போது வலித்ததால் தட்டையே வெறுத்து, மெத்தென்ற, உங்கள் வாசனை அடிக்கிற இடத்தைத் தேடுகிறான். பழைய போர்வையைத் துவைக்காமல் அவனுக்குக் கொடுங்கள். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி வையுங்கள். தட்டைச் சந்தடி இல்லாத மூலைக்கு மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே பாருங்கள்: முக்குகிறான், கத்துகிறான், ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது அல்லது வரவே இல்லையா? அப்படியானால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கடுவனுக்கு மூத்திரக் குழாய் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மடியில் உட்கார்ந்து ‘குர்குர்’ என்கிறானே என்று ஏமாறவும் வேண்டாம். வலியிலும் பூனை அப்படித்தான் சத்தம் போடும்.

அக்காவும் தங்கையுமாக வளர்ந்த இரண்டு பூனைகள். ஒன்றுக்குக் கருத்தடை செய்து கொண்டு வந்ததிலிருந்து மற்றது சீறுகிறது. (சேலம்)

தங்கை மேல் ஆஸ்பத்திரி வாடை. முகம் தெரிந்தாலும் மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் தனி அறையில் வையுங்கள். ஒரே துணியால் இரண்டையும் மாறி மாறித் துடைத்து விடுங்கள். தனியாக இருப்பது தையல் ஆறுவதற்கும் நல்லது.

நமக்குப் பாசம் இருக்கிறது என்று பூனைக்கு எப்படித் தெரியப்படுத்துவது? (தஞ்சாவூர்)

கட்டிப்பிடிக்காமல். சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி, மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்து 2020-இல் எழுதியிருக்கிறார்கள்: பூனையும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறது, முன்பின் தெரியாதவரிடம்கூடக் கிட்டே வருகிறது. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்கிறதாம், பழமொழி சொல்கிறது. உங்கள் முன்னால் கண்ணை மூடும் தைரியம் அதற்கு இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். என் வீட்டுக் கிழவி பத்து தடவை சிமிட்டினால் ஒரு தடவை பதில் சொல்வாள். மீதி ஒன்பது தடவையும் சமையலறையைப் பார்ப்பாள்.