வாசகர் கேள்வி – பதில்: இரைப்பை அமிலமும் குடல் ஹார்மோன்களும்

அமிலச் சுரப்பு பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு பதிலுக்குப் பிறகு, மும்பை வாசகர்களிடமிருந்து வயிற்றைக் குறித்தே பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

என் மகளின் உயிரியல் ஆசிரியை, முதன்முதலில் கண்டறியப்பட்ட ஹார்மோன் செக்ரெடின் என்கிறார். அட்ரினலின் அதற்கு முன்பே தெரிந்ததுதானே? யார் சொல்வது சரி?
– வாசகர், மாட்டுங்கா

நீங்கள் சொல்வதும் தவறில்லை. ஆசிரியை சொல்வதும் தவறில்லை. அட்ரீனல் சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பது 1894-லேயே லண்டனில் தெரிந்துவிட்டது. 1901-ல் ஜப்பானிய வேதியியலாளர் தகமினே அதிலுள்ள அட்ரினலினைப் படிகமாகவே பிரித்தெடுத்துவிட்டார். ஆனால், உடலின் ஓர் உறுப்பு தன் இயல்பான வேலைக்கு நடுவே ஒரு வேதிப்பொருளை இரத்தத்தில் விட்டு, தொலைவிலுள்ள இன்னோர் உறுப்பை இயங்கவைக்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது செக்ரெடினில்தான்.

இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவுக்கூழ் முன்சிறுகுடலில் இறங்கியதும், கணையம் காரத்தன்மையுள்ள சாற்றைச் சுரக்கிறது. இது முழுக்க நரம்புகளின் வேலை என்பது ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவும் அவருடைய மாணவர்களும் கொண்டிருந்த கருத்து. பிரான்சில் வெர்ட்ஹைமர், லெபாஜ் என்ற இருவர், நரம்புகளை வெட்டிய பிறகும் சுரப்பு நிற்காததைக் கண்ணால் கண்டார்கள். ஆயினும் வெட்டுப்படாத நரம்பு முடிச்சு எங்கோ மிச்சமிருக்க வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். கைக்கெட்டியது அவர்களுக்கு வாய்க்கெட்டவில்லை.

1902 ஜனவரி 16 அன்று லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில், வில்லியம் பேலிஸும் அவருடைய மனைவியின் சகோதரர் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும், மயக்கமூட்டப்பட்ட ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு வளையத்தைத் தனியே கட்டி, அதற்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, இரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த வளையத்துக்குள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தியதும் கணையச் சாறு சொட்டத் தொடங்கியது. அமிலத்தை நேராக இரத்தத்தில் ஏற்றினால் கணையம் சுரப்பதில்லை என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. எனவே, அமிலம் பட்ட குடற்சுவரிலிருந்து வேறு ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். ஸ்டார்லிங் அப்போதே குடலின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டிய சாற்றை நாயின் கழுத்துச் சிரையில் ஏற்றினார். சிறிது நேரத்தில் கணையம் முன்னைவிட வேகமாகச் சுரந்தது. அந்தப் பொருளுக்குத்தான் செக்ரெடின் என்று பெயரிட்டார்கள். ஹார்மோன் என்ற பொதுப் பெயரை ஸ்டார்லிங் 1905-ல் தம் சொற்பொழிவுகளில் பயன்படுத்தினார். செக்ரெடின் 27 அமினோ அமிலங்களால் ஆனது என்பதைக் கண்டறிய, பன்றிக் குடல்களை மலைபோல் குவித்து வைத்துக்கொண்டு ஸ்டாக்ஹோமில் யோர்ப்பஸ், முட் என்ற இரு ஆய்வாளர்கள் பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1903-ல் பேலிஸ் மாணவர்கள் முன்னிலையில் வேறொரு பழுப்பு நிற நாயை அறுத்துக் காட்டியபோது அது போதிய மயக்கத்தில் இல்லை என்று விலங்குநல இயக்கத்தார் குற்றம் சாட்டினார்கள். பேலிஸ் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். ஆனாலும் அந்த நாய்க்கு 1906-ல் பாட்டர்சீயில் சிலை எழுந்தது. அதைச் சுற்றிக் கலவரங்கள் நடந்து, 1910-ல் சிலை அகற்றப்பட்டது. நீதிமன்றத் தீர்ப்பு பேலிஸின் பக்கம் இருந்தாலும், இந்தக் கேள்வி அன்றோடு முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை.

ஓராண்டாகத் தினமும் காலையில் பான்டாப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிடுகிறேன். நிறுத்திப் பார்த்தால், நாலைந்து நாளில் நெஞ்செரிச்சல் முன்பைவிட மோசமாக வருகிறது. நோய் முற்றிவிட்டதா?
– வாசகி, செம்பூர்

முற்றிவிட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். மாத்திரையை நிறுத்தியதாலேயே இப்படி நேரலாம். அது ஏன் என்பதற்கான விடை ஒரு பழைய சண்டையில் இருக்கிறது.

செக்ரெடின் கண்டறியப்பட்ட மூன்றே ஆண்டுகளில், அதாவது 1905-ல், ஜான் எட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் இரைப்பையின் கீழ்ப்பகுதிச் சவ்விலிருந்து எடுத்த சாறு அமிலத்தைச் சுரக்கச் செய்கிறது என்று காட்டி, அதற்குக் காஸ்ட்ரின் என்று பெயர் வைத்தார். ஹிஸ்டமினும் அமிலத்தைச் சுரக்கச் செய்யும் என்பதைப் பின்னர் போபியல்ஸ்கி 1920-ல் வெளியிட்டார். ஹிஸ்டமின் உடலின் எல்லாத் திசுக்களிலும் இருப்பது. ஆகவே எட்கின்ஸ் கண்டது ஹிஸ்டமின் கலப்படத்தையே என்று பலரும் ஒதுக்கிவிட்டார்கள். 1938-ல் கோமரோவ் ஹிஸ்டமின் இல்லாத சாற்றைக் கொண்டே அமிலம் சுரப்பதைக் காட்டினார். 1964-ல் லிவர்பூலில் கிரிகரியும் டிரேசியும் காஸ்ட்ரினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். எட்கின்ஸ் அதற்குள், 1940-லேயே காலமாகிவிட்டார்.

உண்மையில் இரு தரப்புமே பாதி சரி. காஸ்ட்ரின் இரத்தத்தின் வழியே சென்று, இரைப்பையின் மேற்பகுதியிலுள்ள ஒருவகைச் செல்களைத் தூண்டுகிறது. அந்தச் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. ஹிஸ்டமின் பக்கத்திலுள்ள அமிலச் செல்களை இயக்குகிறது. மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் வேகஸ் நரம்பும் தன் பங்குக்குத் தூண்டுகிறது. அமிலம் போதுமான அளவுக்குச் சேர்ந்ததும், சோமடோஸ்டாடின் என்ற இன்னொரு ஹார்மோன் காஸ்ட்ரினை அடக்குகிறது. ஜேம்ஸ் பிளாக் உருவாக்கி 1976-ல் விற்பனைக்கு வந்த சிமெடிடின் என்ற மருந்து, ஹிஸ்டமினின் வழியை மட்டும் அடைத்தது. நீங்கள் சாப்பிடும் வகை மாத்திரையோ, இந்த ஆணைகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடமான, அமிலத்தை இரைப்பைக்குள் தள்ளும் புரோட்டான் பம்ப் என்ற புரதத்தையே முடக்குகிறது.

மாத்திரை வேலை செய்யும்போது இரைப்பையில் அமிலம் குறைந்துவிடுகிறது. அமிலம் குறைந்தால் காஸ்ட்ரினை அடக்க ஆளில்லை. மாதக்கணக்கில் காஸ்ட்ரின் ஓங்கியே இருப்பதால், ஹிஸ்டமின் சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. நீங்கள் மாத்திரையை நிறுத்தியதும், பம்புகள் மீண்டும் உயிர்பெறும். பெருகிய செல்களோ உடனே குறையாது. விளைவு, வழக்கத்தைவிட அதிகமான அமிலம். டென்மார்க்கில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுத் தொல்லை எதுவுமே இல்லாத 120 பேரில் ஒரு பாதியினருக்கு எட்டு வாரம் இவ்வகை மாத்திரையும் மறுபாதியினருக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பிறகு நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் தோன்றின. மற்றவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மட்டுமே. நலமாக இருந்தவர்களுக்கே இந்த நிலை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே சட்டென்று நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி அளவைப் படிப்படியாகக் குறைப்பதே முறை. இரத்தம் கசிந்த புண் இருந்தவர்களும், ஆஸ்பிரின் அல்லது வலிமாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடும் முதியவர்களும் தாமாக நிறுத்தவே கூடாது. இன்னொன்று: இம்மாத்திரை, சாப்பாட்டின்போது விழித்தெழும் பம்புகளையே பிடிக்கும், இரத்தத்தில் ஓரிரு மணி நேரமே நிலைக்கும். காலை உணவுக்கு அரை மணி முன்னதாகச் சாப்பிடச் சொல்வது இதனால்தான். மருந்துக்கடையில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குவோர் பலருக்கு அதன் பலன் முழுமையாகக் கிடைப்பதில்லை.

மாலையில் தாதர் ஸ்டேஷனில் இறங்கினால், வடாபாவ் கடையின் எண்ணெய் வாசனைக்கே வாயில் நீர் ஊறுகிறது. வயிற்றிலும் அப்படித்தானா?
– வாசகர், டோம்பிவலி

அப்படித்தான். கொதிக்கும் எண்ணெயில் உருளைக்கிழங்கு வடை விழும் ஓசையும், பூண்டுச் சட்னியின் மணமும் மூளைக்கு எட்டியதுமே வேகஸ் நரம்பு இரைப்பைக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, உணவைக் காண்பதாலும் முகர்வதாலும் மெல்வதாலும் சுரப்பதே. பாவ்லோவ் தம் நாய்களின் உணவுக்குழாயைக் கழுத்திலேயே வெளியே திறந்துவைத்திருந்தார். தின்ற இறைச்சி வயிற்றுக்குப் போகாமல் கீழே விழும்; ஆனாலும் இரைப்பைச் சாறு பெருகும். வேகஸ் நரம்புகளை வெட்டியதும் அது நின்றுபோனது. அப்படிச் சேர்ந்த சாற்றை அஜீரண மருந்தாக விற்று அவருடைய ஆய்வகம் வருமானமும் பார்த்தது என்பது பலருக்குத் தெரியாது. 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காகத்தான். மணியடித்து நாய்க்கு எச்சில் ஊறவைத்ததற்காக அன்று.

பச்சை மிளகாய் அமிலத்தைக் கூட்டுமா? எரிச்சலுக்குப் பால் குடிப்பது நல்லதா?
– வாசகி, தாராவி

மிளகாயின் காரப்பொருள் அமிலச் சுரப்பைத் தூண்டுவதில்லை. ஓரளவு குறைக்கவே செய்கிறது. ஆனால் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் உள்ள வலி நரம்புகளை அது நேரடியாகத் தூண்டுவதால் எரிவது உண்மை, ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கட்டும். பால், சிறிது நேரம் அமிலத்தைத் தணித்து இதம் தரும். பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் காஸ்ட்ரினைத் தூண்டி, அமிலத்தை மேலும் சுரக்கச் செய்யும். சிகாகோவின் மருத்துவர் சிப்பி 1915-ல் வகுத்த முறைப்படி, பல்லாயிரம் வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு மணிக்கொரு தரம் பாலும் பாலேடும் புகட்டினார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

நான் ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் குடற்புண் வராது என்று எங்கள் பழைய டாக்டர் சொல்வார். அறிவியல் ஆதாரம் உண்டா?
– வாசகர், முலுண்டு

அவர் காற்றில் கதை கட்டவில்லை. மும்பையில் ரயில்வே மருத்துவராக இருந்த எஸ். எல். மல்ஹோத்ரா, தென்னாட்டு ஊழியர்களிடையே குடற்புண் மிகுந்திருப்பதைக் கண்டு, 1964 முதல் அதைப் பற்றி எழுதிவந்தார். நன்கு மெல்ல வேண்டிய கோதுமை உணவு உமிழ்நீரைப் பெருக்கிக் காக்கிறது என்பது அவருடைய வாதம். 1978-ல் வெளியிட்ட ஆய்வில், புண் ஆறியவர்களில் சோறு உண்டோருக்கே அது மீண்டும் அதிகமாக வந்ததாகக் காட்டினார். ஆனால் ஆய்வில் இருந்தோர் சிலரே. மேலும், ஹெலிகோபேக்டர் என்ற பாக்டீரியா அப்போது யாருக்கும் தெரியாது. 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் அதை வளர்த்துக் காட்டினார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குடியேறும் இக்கிருமி சோமடோஸ்டாடினைக் குறைத்து, காஸ்ட்ரினை ஓங்கச் செய்வதால்தான் அமிலம் மிகுந்து முன்சிறுகுடலில் புண் உண்டாகிறது. புண் இருப்பவர் முதலில் இக்கிருமிக்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இருந்தால் ஆன்டிபயாடிக் மருந்துகளால் அதை ஒழிக்கலாம். சோற்றை விட வேண்டியதில்லை.

உடல் எடையைக் குறைக்கும் ஊசியும் குடல் ஹார்மோன்தான் என்கிறார்களே?
– வாசகி, கோரேகாவ்

ஆம், ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட மருந்து அது. குளுக்கோஸைச் சிரையில் ஏற்றுவதைவிட வாயால் குடித்தால் இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது என்பது 1964-ல் தெரியவந்தது; அதற்குக் காரணமான குடல் ஹார்மோன்களில் இது ஒன்று. உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். கிலா என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் நஞ்சில் இதையொத்த, எளிதில் சிதையாத பொருள் ஒன்றை ஜான் எங் 1992-ல் கண்டார்; அதிலிருந்து வந்த நீரிழிவு மருந்துக்கு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவ்வகையில் இப்போதைய செமக்ளூடைடு ஊசியை வாரம் ஒருமுறை போட்டால் போதும். இது பசியை அடக்குவதோடு, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. இதனால் குமட்டல் பலருக்கு வரும். நீங்கள் இதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஏதாவது அறுவைசிகிச்சை நேர்ந்தால், மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கமான பட்டினி நேரத்துக்குப் பிறகும் வயிற்றில் உணவு தங்கியிருந்து, மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.